இரண்டு பாம்புகளுக்காக எலிப்பண்ணை வேண்டாம்

வணக்கம் சகோதரரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முழு வளர்ச்சி அடைந்த இரண்டு பந்து மலைப்பாம்புகள் (ball python) வைத்திருக்கிறீர்கள்; உறைந்த எலி வாங்க ஒவ்வொரு முறையும் ஈப்போவுக்குப் போக வேண்டியிருப்பதால் வீட்டிலேயே எலி வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

வளர்ந்த பாம்புக்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஓர் எலி போதும். இரண்டுக்கும் சேர்த்து மாதம் நான்கு முதல் ஆறு எலிகள்தான். ஒரு பெண் எலியோ ஏறக்குறைய 22 நாளில் ஈன்றுவிடும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் எட்டுக் குட்டிக்குக் குறையாது. பால்குடி மறக்க மூன்று வாரம். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் ஈன்ற ஓரிரு நாளிலேயே மீண்டும் சினையாகிவிடலாம். மிஞ்சுவதை என்ன செய்வீர்கள்? வலியில்லாமல் கொன்று உறைய வைக்க உங்களால் முடியுமா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தகரக் கூரை வெப்பமும் எலிக்கு ஆகாது. மூத்திர நாற்றம் தோட்ட வீட்டு வரிசையில் பக்கத்து வீடுவரை போகும்.

தயவுசெய்து செம்பனைத் தோட்டத்து எலியைப் பிடித்து மட்டும் போடாதீர்கள். அங்கே எலி மருந்து வைக்கிறார்கள். விஷம் தின்ற எலி பாம்பையும் கொல்லலாம். எலிக்காய்ச்சல் உங்களையும் தாக்கலாம்.

உறைபெட்டியில் இடம் ஒதுக்கி, இரண்டு மூன்று மாதத்துக்கானதை ஒரேயடியாக வாங்கி வையுங்கள். பாம்புகள் பத்தைத் தாண்டினால் மறுபடி கேளுங்கள், அப்போது கணக்கு வேறு.