மாதம் 90,000 ரூபாய்: இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாமா?

கொழும்பு வெள்ளவத்தை வாசகி ஒருவர் தமிழில் சமையல் காணொளிகள் செய்து வருகிறார். ஒரு விளம்பர முகவர் நிறுவனம் அவரிடம் ஒரு வருட ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது. மாதம் 12 காணொளிகள், 90,000 ரூபாய். "தொகை நியாயம்தானா?" என்று கேட்கிறார்.

தொகையை விடுங்கள், சகோதரி. காணொளிக்கு 7,500 ரூபாய்; மரக்கறி, எரிவாயு, படத்தொகுப்பு போக மிஞ்சுவது உங்களுக்குத்தான் தெரியும். என்னைக் கலங்க வைத்தது நீங்கள் அனுப்பிய பிரதியின் நான்காம் பக்கம். "வாடிக்கையாளரிடமிருந்து பணம் கிடைத்து 60 நாட்களுக்குள் கொடுப்பனவு செய்யப்படும்" என்கிறது. எந்த வாடிக்கையாளர்? கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

இந்த வரியில் சிக்கி என் மேசைக்கு முன்னால் வந்து தொலைபேசியை நீட்டியவர்கள் பலர். எல்லாத் திரைகளிலும் ஒரே செய்தி: "அவர்கள் இன்னும் தரவில்லை, அடுத்த கிழமை பார்ப்போம்." ஓர் இளைஞருக்கு அந்த அடுத்த கிழமை ஏழு மாதமாக நீண்டது. வாடிக்கையாளரை நேரில் போய்க் கேட்டால், பணம் எப்போதோ கைமாறியிருந்தது. இடைத்தரகரின் வியாபாரத்துக்கு உங்கள் உழைப்பை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்காதீர்கள். அந்த வரியை வெட்டி, "சிட்டை கொடுத்து 30 நாட்களுக்குள், வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும்" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு வழக்குப் போடலாமே என்று நினைக்காதீர்கள். சிறு தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கம் வராவிட்டால்தான் அதற்கான சான்றிதழோடு புதுக்கடை நீதிமன்றம். அங்கே தவணைக்கு மேல் தவணை. 90,000 ரூபாய்க்காக அலைபவர் களைத்துப் போகட்டும் என்றே அமைத்ததுபோல இருக்கிறது இந்த ஏற்பாடு. இதில் காலக்கெடு வேறு. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் உண்டு. வாய்ப்பேச்சில் செய்த வேலையின் கூலிக்கு ஒரே வருடம்தான்.

அடுத்தது உரிமை. "உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றும்" என்று கேட்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் காணொளியின் பதிப்புரிமை முதலில் வெளியிட்டதிலிருந்து 70 வருடம் நிற்கிறது. அத்தனையையும் 7,500 ரூபாய்க்கா கொடுப்பது? குறிப்பிட்ட சமூக ஊடகப் பக்கங்களில் ஒரு வருடம் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள். உங்கள் முகமும் குரலும் வேறு விளம்பரத்தில் வரக்கூடாது என்றும் எழுதுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் அவர்களுடைய ஊழியர் என்றால், வேறுவிதமாக எழுதாதவரை, வேலையில் உருவாக்கியதன் பொருளாதார உரிமை முதலாளிக்கே. ஆனால் அப்போது அவர்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். 90,000க்கு மாதம் 13,500 ரூபாய். உங்கள் பிரதியில் நீங்கள் "சுயாதீன சேவை வழங்குநர்". அதே பிரதி, காலை 9 மணிக்கு அவர்களுடைய படப்பிடிப்பு அறைக்கு வர வேண்டும், விடுமுறைக்கு அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. காசு கட்டும்போது நீங்கள் வெளியாள், வேலை வாங்கும்போது வீட்டாள். நேரம், இடம், கருவி எல்லாம் அவர்கள் கையில் இருந்தால், தாளில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துத் தொழில் சட்டம் முடிவு செய்யாது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்: ஊழியர் என்றால் சேமலாப நிதி, சுயாதீனர் என்றால் நேரமும் உரிமையும் உங்களுடையவை.

"வரி" என்று 5 சதவீதம் கழிப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிறுத்திவைப்பு வரி, மாதக் கொடுப்பனவு 100,000 ரூபாயைத் தாண்டினால்தான். உங்களுக்கு வராது, கழித்தால் சான்றிதழ் கேளுங்கள்.

திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். முதல் மாதத் தொகையில் பாதி முன்பணமாக வங்கிக் கணக்கில் விழும்வரை ஒரு காணொளியும் கொடுக்க வேண்டாம்.