காந்தத்தை மாற்றினால் கிட்டாரின் குரல் மாறுமா?

கேள்வி: என்னிடம் லெஸ் பால் மாதிரியில் செய்த விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கரில் டிஸ்டார்ஷன் போட்டால் சத்தம் காதைக் குத்துகிறது. பிராண்டட் பிக்கப் வாங்கலாம் என்றால் கிட்டார் விலைக்கே வந்து நிற்கிறது. உள்ளே இருக்கிற காந்தத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறான் நண்பன். நிஜமா, கட்டுக்கதையா? (வாசகர், திருச்சி)

பதில்: நிஜம்தான். ஆனால் எது மாறும், எது மாறாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்தான் பிக்கப், அதில் ஒரு வகை ஹம்பக்கர். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் (கம்பிச் சுருள்கள்) அடுத்தடுத்து இருக்கும். அவற்றுக்கு அடியில், நடுவில், பட்டையாக ஒரு காந்தம்: சுமார் இரண்டரை அங்குல நீளம், அரை அங்குல அகலம். அதன் ஒரு ஓரம் ஸ்க்ரூ வரிசையைக் காந்தமாக்குகிறது, மறு ஓரம் அடுத்த காயிலில் இருக்கும் இரும்புக் குச்சிகளைக் காந்தமாக்குகிறது, அவை மேலே ஓடும் ஸ்டீல் தந்தியைக் காந்தமாக்குகின்றன. தந்தி அதிரும்போது காயிலுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, அதில்தான் சிக்னல் பிறக்கிறது. காந்தம் வலுவாக இருந்தால் சிக்னலும் வலுவாக வரும், தந்தியைத் தட்டிய முதல் நொடியின் அடி இறுக்கமாகக் கேட்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த அல்நிகோ ஓர் உலோகம். அது காயிலின் இண்டக்டன்ஸை (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் தன்மையை) கொஞ்சம் கூட்டும், உச்ச ட்ரெபிளையும் சற்றே மழுக்கும். செராமிக் காந்தம் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அந்த மழுங்கல் இல்லை. உங்கள் கிட்டார் காதைக் குத்துவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஏனென்றால் விலை குறைந்த ஹம்பக்கர்களில் பெரும்பாலும் செராமிக்தான் வைப்பார்கள்.

காந்தம் மட்டும் மாறினால் எப்படி இருக்கும் என்று காதால் கேட்கவே ஒரு வழி இருக்கிறது. சீமோர் டங்கன் கம்பெனி ஏறக்குறைய ஒரே காயில் சுற்றில் மூன்று பிக்கப் விற்கிறது: ‘கஸ்டம்’ செராமிக், ‘கஸ்டம் 5’ அல்நிகோ 5, ‘கஸ்டம் கஸ்டம்’ அல்நிகோ 2. இணையத்தில் மூன்றுக்கும் டெமோ கிடைக்கும், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். செராமிக்கில் பாஸ் இறுக்கமாக, மேலே கூர்மையாக இருக்கும். அல்நிகோ 5-இல் பாஸும் ட்ரெபிளும் நிமிர்ந்து நிற்கும், மிட் கொஞ்சம் ஒதுங்கும். அல்நிகோ 2-க்கு வந்தால் மேல் ஸ்வரங்களின் முனை உருண்டு, மிட் முன்னுக்கு வந்து, ரிதம் வாசிக்கும்போது தடித்த தந்திகள் லேசாகத் தளர்ந்த மாதிரி தோன்றும். சோலோ வாசிக்கிறவர்களுக்கு அந்தத் தளர்வு பிடிக்கும், வேகமாக மியூட் பண்ணி மெட்டல் ரிஃப் வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்காது.

மூன்றையும் கேட்ட பிறகு ஒன்று தெளிவாகும். அந்த பிக்கப்பின் அடிப்படைக் குரல் மூன்றிலும் தொடர்கிறது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காயில் சுற்று. கம்பியை அளவுக்கு மீறிச் சுற்றிய சேறு மாதிரியான பிக்கப்பைக் காந்தம் மாற்றித் தெளிவாக்க முடியாது. மாற்றிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் கிலோ ஓம் கணக்கு அப்படியேதான் இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த எண் காயில் கம்பியைப் பற்றியது, காந்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பழைய கிப்ஸன் கிட்டார்கள் ஒன்றுபோல் ஒன்று ஒலிக்காததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. பொறியாளர் சேத் லவர் வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரை கிப்ஸன் தயாரித்த ஆரம்ப வருடங்களில், அல்நிகோ 2, 3, 4, 5 என்று கையில் இருந்த காந்தம் எதுவோ அதையே போட்டார்கள். காயில் சுற்றும் பிக்கப்புக்கு பிக்கப் மாறியது. இன்று லட்சக்கணக்கில் விலை போகிற அந்த ‘பிஏஎஃப்’ (Patent Applied For, அதாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்தது) பிக்கப்களுக்கு ஒரே குரல் என்று ஒன்று கிடையாது.

சரி, உங்களுக்கு எது? ப்ளூஸ், கிளாசிக் ராக் என்றால் யோசிக்காமல் அல்நிகோ 2. கனமான ரிஃப்தான் அதிகம் என்றால் அல்நிகோ 5. ஆனால் காசு செலவழிக்கும் முன்னால் பிக்கப்பின் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். இரண்டு பக்க ஸ்க்ரூவையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் வாசித்துக் கேளுங்கள். நிறைய பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: காந்தத்தை நானே மாற்றினேன். தனியாக வாசித்தால் பிரமாதம். ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் சத்தம் மெலிந்து மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது. காயில் போய்விட்டதா? (வாசகி, கொழும்பு)

பதில்: காயில் நன்றாகத்தான் இருக்கிறது, காந்தம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பட்டைக் காந்தத்தின் ஒரு நீள ஓரம் வடக்கு, மறு ஓரம் தெற்கு. அது மாறிப் போனதால் ஒரு பிக்கப்பின் சிக்னல் இன்னொன்றுக்கு எதிர்ப் பக்கமாக ஓடி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் கேட்கும் அந்தப் புகழ்பெற்ற நடு பொசிஷன் ஒலிக்கும் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்ததையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். பிடித்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பிடிக்கவில்லை என்றால் மறுபடி திறங்கள். அடித்தகட்டில் இருக்கும் நான்கு சின்ன ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டாம். உள்ளே ஊற்றியிருக்கும் மெழுகு இறுகியிருந்தால் ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டுங்கள். காந்தத்தை ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒன்றால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். காயில் கம்பி தலைமுடி அளவுதான், ஒரு கீறல் பட்டால் அறுந்துவிடும். காந்தத்தை ஓரம் மாற்றித் திருப்பி உள்ளே தள்ளுங்கள். மேல் கீழாக மட்டும் புரட்டி, அதே ஓரத்தை ஸ்க்ரூ பக்கம் வைத்தால் எதுவும் மாறாது. இனிமேல் மாற்றும்போது பழைய காந்தத்தின் ஸ்க்ரூ பக்கத்து ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காம்பஸ் வைத்து அது எந்த துருவம் என்று பார்த்து, புதியதிலும் அதே துருவம் அந்தப் பக்கம் வரும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில்) இதைச் செய்யலாமா? (வாசகர், சேலம்)

பதில்: உங்கள் பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒன்றோ இரண்டோ பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால், நடுவில் இருப்பவை வெறும் இரும்புக் குச்சிகள், பட்டையை மாற்றலாம். ஒட்டிய காந்தம் எதுவும் இல்லை என்றால் அந்த ஆறு குச்சிகளே அல்நிகோ காந்தம். பழைய பாணியில் செய்தவற்றில் காயில் கம்பியை நேராக அந்தக் குச்சிகள் மேலேயே சுற்றியிருப்பார்கள், ஒன்றைத் தட்டி வெளியே எடுத்தால் கம்பி அறுந்து பிக்கப்பே போய்விடும். அதில் கை வைக்காதீர்கள்.