பல்லி விழுந்த தொகுதி

கேள்வி: அமெரிக்காவில் ஒரு செனட் தொகுதியைப் பல்லி வடிவத்தில் வெட்டி ஜெயித்தார்களாமே! அதற்கு ‘ஜெர்ரிமாண்டரிங்’ என்று பெயராம். எல்லாத் தொகுதிகளையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வெட்டிவிட்டால் இந்தத் தில்லுமுல்லு ஒழிந்துவிடாதா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: அது பல்லி இல்லை ஐயா, சாலமாண்டர். பல்லிக்குச் செதில் உண்டு. சாலமாண்டருக்கு வழவழவென்று ஈரத் தோல், தவளைக்குப் பங்காளி. தேனியில் நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. இந்தியாவில் அந்த வகையறாவைப் பார்க்க டார்ஜீலிங் பக்கம் மலையேற வேண்டும். பல்லியாகவே இருந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம்: பஞ்சாங்கத்தைப் புரட்டி, கௌளி சாஸ்திரம் பார்த்து, தலையில் விழுந்தால் கலகம் என்று ஒரு வரியில் பதிலை முடித்திருப்பேன்.

கலகம் நடந்ததும் உண்மைதான். இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எசெக்ஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. 1780இல் வந்த அந்த மாநில அரசியல் சட்டப்படி, மாநில சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் இடங்களைத் தலை எண்ணிப் பிரிக்கவில்லை. எந்தப் பகுதி எவ்வளவு வரி கட்டுகிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். மொத்தம் 40 இடம். ஒரு தொகுதிக்கு ஒன்றுக்கு மேல் செனட்டர்கள் இருக்கலாம், ஆறைத் தாண்டக் கூடாது. கவுண்டி எல்லைதான் பெரும்பாலும் தொகுதி எல்லை. 1812 பிப்ரவரியில் ஜனநாயகக் குடியரசுக் கட்சிக்காரர்கள் அந்த எல்லையில் கை வைத்தார்கள். எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்டுகளின் கோட்டை எசெக்ஸ். அதன் ஓரத்தை மட்டும் உரித்து எடுத்தார்கள். தெற்கே மார்பிள்ஹெட், சேலம், லின், அங்கிருந்து மேற்கே ஆண்டோவர், வடக்கே ஹேவரில், மறுபடி கிழக்கே திரும்பிக் கடலோரம் சாலிஸ்பரி. போதாததற்குப் பக்கத்துக் கவுண்டியிலிருந்து செல்சியையும் ஒட்டுப் போட்டார்கள். மொத்தம் 12 ஊர். நியூபரிபோர்ட் போன்ற ஃபெடரலிஸ்ட் ஊர்கள் சுளை மாதிரி நடுவில் தனியே கிடந்தன.

மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெஜட்’ அந்த வரைபடத்தைப் படமாகப் போட்டது. சாலிஸ்பரி தலை, மார்பிள்ஹெட் பக்கம் நகம். இறக்கை மட்டும் சட்டத்தில் இல்லாதது, ஓவியர் சொந்தமாக மாட்டிவிட்டது. ஆகவே கறாராகச் சொன்னால் அது சாலமாண்டரும் இல்லை, டிராகன்.

பெயரின் பின்பாதி ‘மாண்டர்’ இந்தச் சாலமாண்டரின் வால். அடுத்து முன்பாதி, அந்த ‘ஜெர்ரி’. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய வம்பு தெரியும்: அயல்நாட்டுப் பெயர்களை எழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள், காதால் கேட்டு எழுதுங்கள். எல்லையை மாற்றிய அந்த மசோதாவில் கையெழுத்துப் போட்டவர், அதே ஜனநாயகக் குடியரசுக் கட்சியின் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி. ‘ஜ’ இல்லை, ‘கங்கை’யில் வருகிற ‘க’. அமெரிக்கர்களே அவர் பெயரைச் சொல்லும்போது சரியாகச் சொல்லிவிட்டு, அவர் பெயரால் வந்த மோசடியைச் சொல்லும்போது ‘ஜெ’ போட்டுக் கெடுக்கிறார்கள். சரி, தமிழில் ‘கெர்ரி’ என்று திருத்தி எழுதலாம் என்றால் அங்கே வேறு வினை. நம் ஒற்றைக் ‘க’வைப் பார்த்து ஜான் கெர்ரி என்று படித்துவிடுவீர்கள். அவரும் மாசசூசெட்ஸ்காரர், அவரும் செனட்டர்! ஆனால் அவர் இருந்தது வாஷிங்டன் செனட்டில். அங்கே மாநிலத்துக்கு இரண்டு பேர், மாநிலம் முழுவதும் ஓட்டுப் போடும். வெட்டுவதற்குத் தொகுதியே கிடையாது. மாநில செனட் வேறு, வாஷிங்டன் செனட் வேறு. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் ‘செனட்’ என்று ஒரே பானையில் போட்டுக் கிளறுவது எனக்கு இரண்டாவது வம்பு.

இனி வெட்டும் முறை. 50 ஓட்டு, ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பத்து ஓட்டு என்று வையுங்கள். சிவப்புக் கட்சிக்கு 30 ஓட்டு, நீலத்துக்கு 20. நியாயமாக சிவப்பு ஆள வேண்டும். வரைகோல் நீலத்தின் கையில் இருந்தால்? மூன்று தொகுதிகளில் தன் ஆட்களை ஆறு ஆறாக வைக்கும். அதற்கே 18 ஓட்டு போய்விடும். மிச்சம் இருக்கும் இரண்டு தொகுதியிலும் தலா ஒரு நீலம், ஒன்பது சிவப்பு. இப்போது மூன்றுக்கு இரண்டு என்று நீலம் ஆட்சி! எதிரியை இரண்டு மூட்டைக்குள் அமுக்கிக் கட்டுவது பாதி வேலை, மிச்சப் பேரை அங்கங்கே நாலு நாலாகத் தூவுவது மீதிப் பாதி. வரைபடம் கோணலாவது இந்த வேலையின் பக்க விளைவு, அவ்வளவுதான்.

இதில் பேராசை கூடாது. நாலாவது தொகுதிக்கும் ஆசைப்பட்டால் இருக்கிற 20 ஓட்டு ஐந்து ஐந்தாகப் பிரிந்து அந்த நாலு இடமும் இழுபறி. ஆறுக்கு நாலு என்பதும் மெல்லிய நூல்தான். ஒரு தொகுதியில் இரண்டு பேர் மனம் மாறினால் அறுந்துவிடும்.

மாசசூசெட்ஸில் நூல் அறவில்லை. 1812 தேர்தலில் மாநிலம் முழுக்க ஃபெடரலிஸ்டுகளுக்கு 51,766 ஓட்டு, கெர்ரி கட்சிக்கு 50,164. செனட் இடமோ கெர்ரி கட்சிக்கு 29, ஓட்டு அதிகம் வாங்கியவர்களுக்கு 11. ஆனால் கவர்னர் பதவிக்கு மாநிலமே ஒரு தொகுதி, கோடு கிழிக்க இடமில்லை. கெர்ரி தோற்றார், கேலப் ஸ்ட்ராங் கவர்னரானார். தலையில் விழுந்த பலன். அந்த மசோதாவே கெர்ரிக்குப் பிடிக்கவில்லை என்று பின்னால் அவர் மருமகன் எழுதினார். பிடிக்காமல் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதானே. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், 1787இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தவர். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. 1813இல் துணை ஜனாதிபதியாகி, கோடு கிழிக்க வழியில்லாத அந்த வாஷிங்டன் செனட்டுக்கே தலைமை தாங்கி, மறு வருஷம் பதவியிலேயே காலமானார்.

உங்கள் ‘கட்டம் கட்டமாக’வுக்கு வருகிறேன். அதற்கு அலபாமாவைப் பாருங்கள். அங்கே 1960களின் தொடக்கம் வரை செனட் தொகுதிகளுக்கு நகமும் கிடையாது, இறக்கையும் கிடையாது. கவுண்டி எல்லைகளை ஒட்டிய லட்சணமான தொகுதிகள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று 1901ஆம் வருஷத்து மாநில அரசியல் சட்டமே சொல்லியிருந்தும் அறுபது வருஷம் யாரும் பென்சிலைத் தொடவில்லை. விளைவு: பர்மிங்ஹாம் நகரம் உள்ள ஜெஃபர்சன் கவுண்டியில் 6,34,864 பேர், ஒரு செனட்டர். லவுண்ட்ஸ் கவுண்டியில் 15,417 பேர், அங்கேயும் ஒரு செனட்டர். ஒன்றுக்கு 41! அந்த 15 ஆயிரத்திலும் ஐந்தில் நாலு பங்கு கறுப்பின மக்கள். 1965 தொடங்கும்போது அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆக அந்த செனட்டரைத் தேர்ந்தெடுத்த கை எத்தனை என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். மாநிலத்தில் கால்வாசி மக்கள் தொகை இருந்தாலே செனட்டில் பெரும்பான்மை பிடித்துவிடலாம் என்ற நிலை. 1964இல் ‘ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டமன்ற உறுப்பினர்கள் மனிதர்களுக்குத்தான் பிரதிநிதி, மரத்துக்கும் நிலத்துக்கும் இல்லை என்று சொல்லி, மாநிலத்தின் இரண்டு அவைகளிலும் தொகுதிகள் மக்கள் தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று தீர்த்தது. சாலமாண்டரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த அழகான பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. என் ஆத்திரமெல்லாம் இவற்றின் மேல்தான்.

நம் ஊரிலும் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள், போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்ற எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போடு உறைந்தது. மாநிலத்துக்குள் ஓடும் எல்லைக் கோடுகள் உறையவில்லை. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் மாற்றினார்கள். 39ம் 234ம் அப்படியே இருக்க, உள்ளே தொகுதிகள் இடம் மாறியது அப்படித்தான்.

கம்ப்யூட்டர் வந்தபின் வேலை இன்னும் சுத்தம். 1812இல் முழு முழு ஊராகத்தான் நகர்த்தினார்கள். இன்றைக்குத் தெருவாரியாக நகர்த்தலாம், ஆயிரம் வரைபடம் போட்டுப் பார்த்துப் பிடித்ததை எடுக்கலாம். மக்கள் தொகை சமமாகவும் இருக்கும், ஓரம் ஒழுங்காகவும் இருக்கும், ஆறுக்கு நாலும் அப்படியே இருக்கும். கட்சி லாபத்துக்காக வெட்டினார்கள் என்ற புகாரை ஃபெடரல் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளுக்கு நாலு பேர் என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது பல்லிதான். அடிக்காதீர்கள், பூச்சி பிடிக்கும்.