புத்தக அலுமாரி: "இன்னொருக்கா வாசியுங்கோ"

*கொழும்பில் 31 வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.*

கேள்வி: ரீச்சர், என் மகனுக்கு ஏழு வயது. ஆங்கில மொழிமூலம் படிக்கிறான். வீட்டில் நன்றாகத் தமிழ் கதைப்பான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவிடுகிறான். வழவழப்பான தாள், கலர்ப் படங்கள் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். பிழை என்னிடமா, அவனிடமா?
*— ஒரு தாய், கொட்டாஞ்சேனை*

பதில்: இரண்டு பேரிடமும் இல்லை, தங்கச்சி. பிழை பெரும்பாலும் அந்தப் புத்தகங்களில்தான்.

என் பேரனுக்கு ஆறு வயது. கடந்த இரண்டு மாதத்தில் அவனும் நானும் பதினொரு படப்புத்தகங்கள் வாசித்தோம். அவன் "இன்னொருக்கா வாசியுங்கோ அம்மம்மா" என்று கேட்டது மூன்றே மூன்றைத்தான். பிள்ளைகளின் புத்தகத்துக்கு இதைவிட நல்ல மதிப்புரையை நான் இதுவரை கண்டதில்லை. எனவே மற்ற எட்டும் ஏன் தோற்றன என்று உட்கார்ந்து யோசித்தேன்.

நாலு புத்தகம் சென்னையிலிருந்து வந்தவை. படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு பையன் நாற்காலியில் ஏறி பீரோவைத் திறந்து வேர்க்கடலை எடுக்கிறான். என் பேரனுக்குத் தெரிந்தது கதிரை, அலுமாரி, கச்சான். ஒரே வரியில் மூன்று இடத்தில் தடக்கி விழுந்தான். புதுச் சொல் படிப்பதற்கு நான் எதிரியில்லை. நானே சிறுவயதில் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளை வாசித்துத்தான் பாதித் தமிழ் படித்தேன். ஆனால் அப்போது எனக்குப் பத்து வயது, சொல்லைத் தாண்டி ஓடத் தெரியும். ஆறு வயதுக்காரன் எழுத்துக் கூட்டுகிறான். அவன் கூட்டி முடித்த சொல் அவனுக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால்தான் முகம் மலரும். "க-தி-ரை... கதிரை!" என்ற அந்தச் சந்தோஷத்தை அவனிடமிருந்து பறிக்கக் கூடாது.

மற்ற நாலும் இங்கே அச்சிட்டவை. சொற்கள் எங்களுடையவை, கதைதான் இல்லை. கடைசிப் பக்கத்தில் "ஆகவே பிள்ளைகளே" என்று ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். ஒன்றில் படத்தில் முயல் நிற்கிறது, எழுத்தில் ஆமை பேசுகிறது. பிள்ளைதானே, கவனிக்காது என்று நினைத்திருக்கிறார்கள். அவன் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டான். பதிப்பாளரின் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வென்ற மூன்றில் ஒன்று, சிபில் வெத்தசிங்க எழுதிப் படம் வரைந்த 'குட ஹொரா', குடைத் திருடன். 1956-இல் வந்த புத்தகம். சிங்களப் பிரதியை மடியில் விரித்து வைத்து, படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னேன். குடையே இல்லாத ஊர், மழை வந்தால் வாழையிலையும் சாக்கும் பிடிக்கிறார்கள். கிரி மாமா பட்டணம் போய்க் குடை வாங்கி வருகிறார். ஊருக்குத் திரும்பி, ஒளித்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார், வந்து பார்த்தால் குடையைக் காணோம். மறுபடி வாங்குகிறார், மறுபடி காணோம். இரண்டாம் தரம் சொல்லும்போதே பேரன் புத்தகத்துக்குள் குனிந்து, "அங்க வைக்காதீங்கோ" என்று கிரி மாமாவுக்குக் குசுகுசுத்தான். கடைசியில் அவர் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்க, அவை சிந்திய வழியே போய்க் காட்டுக்குள் கள்வனைப் பிடிக்கிறார். கள்வன் ஒரு குரங்கு.

அவர் எல்லாக் குடைகளையும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார். "களவெடுக்கக் கூடாது" என்று ஒரு வரிகூட இல்லை. "ஏன் அம்மம்மா ஒண்டை விட்டவர்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அவனே சொன்னான்: "மழை பெய்தா அதுக்கும் வேணும்தானே." அதற்கு அடுத்த நாள் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் தூறல் என்று என் குடையை விரித்தேன், பத்திரிகைத் துண்டுகள் தோளெல்லாம் கொட்டின. யார் போட்டது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதனால் தங்கச்சி, இப்போதைக்கு மகனிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் வாசியுங்கள், அவன் பக்கத்தில் இருந்து படம் பார்க்கட்டும். நாற்காலி வந்தால் கதிரை என்று மாற்றி வாசியுங்கள். எழுத்தாளர் கோபிக்க மாட்டார்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைப் பிள்ளைகள், மாதிரி வினாத்தாள் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை. வகுப்பில் வாசித்துக் காட்ட ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
*— ஆசிரியர், தெமட்டகொடை*

பதில்: 'டோட்டோ சான், ஜன்னலில் ஒரு சிறுமி', தம்பி. ஜப்பானியப் பெண்மணி டெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி வாழ்க்கையை 1981-இல் எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஒவ்வொரு அத்தியாயமும் சின்னஞ்சிறியது. மணி அடிக்க முன் பத்து நிமிடம் போதும்.

முதல் பள்ளிக்கூடத்தில் அடங்காத பிள்ளை என்று விலக்கப்பட்டவள் டோட்டோ. புதுப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் கொபயாஷி அவளை எதிரே இருத்தி, நாலு மணி நேரம் அவள் கதைப்பதைக் கேட்கிறார். அந்த அத்தியாயத்தை நான் முதலில் வாசித்தபோது படிப்பித்தலில் இருபது வருடம் போயிருந்தது. ஒரு பிள்ளையை நாலு நிமிடம் குறுக்கிடாமல் கேட்டிருக்கிறேனா என்று நினைத்தேன், அன்றிரவு நித்திரை வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். இந்த இடத்தை வாசிக்கும்போது பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் தடதடத்துப் போனது. மூத்த பேத்தி யன்னலடிக்கு ஓடினாள். "அதுக்குள்ள இருந்து படிக்கிறதா? கடலைப் பார்த்துக்கொண்டா?" அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தகத்தை மூட மனமில்லை.

மதியச் சாப்பாட்டில் "கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்" இருக்க வேண்டும் என்பது தலைமை ஆசிரியரின் விதி. உங்கள் பிள்ளைகளிடம் அவர்களின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். என் பேத்தி நெத்தலியைக் கடலிலும் நுவரெலியா லீக்ஸை மலையிலும் சேர்த்தாள். தேங்காய்ச் சம்பல் எதில் என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். போலியோ வந்த யாசுவாகி என்ற பையனை டோட்டோ மரத்தில் ஏற்றிவிடுகிறாள். பின்னால் அவன் இறந்துபோகிறான். 1945-இல் குண்டு விழுந்து பள்ளிக்கூடமும் எரிகிறது. இந்த இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சாவும் எரிந்த கட்டிடமும் புதிய செய்தி அல்ல. வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள், அவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஏழாம் எட்டாம் வகுப்பென்றால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' சொல்வேன். 1947-இல் வந்த சிங்கள நாவல், தமிழிலும் உண்டு. உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய்த் தீவொன்றில் பயிர் செய்கிறார்கள். பிள்ளைகளும் ஓடிவிடுவார்கள் என்று பயந்து இதைக் கொடுக்காத ஆசிரியர்களை எனக்குத் தெரியும். என் வகுப்பில் வாசித்த எவரும் ஓடவில்லை. மிளகாய்க் கன்று நட்டார்கள்.

கேள்வி: ஷெஹான் கருணாதிலகவின் புக்கர் பரிசு நாவலை எல்லோரும் தலையில் தூக்கி வைக்கிறார்கள். உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததா?
*— பல்கலைக்கழக மாணவர், தெஹிவளை*

பதில்: பிடித்தது, ஆனால் முதல் எண்பது பக்கம் பிடிக்கவில்லை. 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' என்று தமிழில் சொல்லலாம். 2022-இல் புக்கர் பரிசு பெற்றது. கதை நடப்பது 1990-இல், இதே கொழும்பில். செத்துப்போன யுத்தப் புகைப்படக்காரன் தன்னைக் கொன்றது யார் என்று ஏழு நிலவுக்குள் தேடுகிறான். தொடக்கத்தில் ஆட்களின் பெயரும் இயக்கங்களின் சுருக்கப் பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த எனக்கே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் சாவுக்குப் பின்னால் வருகிற அந்தக் கந்தோர்! வரிசை, படிவம், "அடுத்த யன்னலுக்குப் போ" என்கிற குரல். காணாமல்போன பிள்ளையின் கடிதக் கோப்போடு கந்தோர் கந்தோராக ஏறிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். செத்தவர்களும் அப்படியே நிற்கிறார்கள் என்று எழுதியிருப்பதை வாசித்தபோது தொண்டை அடைத்தது. நாவலில் சடலங்களைப் போடுகிற பெய்ரா வாவிப் பக்கமாக எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருப்பேன். இப்போது அந்தத் தண்ணீரைச் சும்மா பார்க்க முடிவதில்லை.

அந்தக் கந்தோரில் படிவத்தோடு நிற்கும் டாக்டர் ராணி என்ற தமிழ்ப் பெண் விரிவுரையாளர், 1989-இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைக்க வைக்கிறார். அவர் வரும் பக்கங்கள் எனக்குப் போதவில்லை. மாலியின் காதலன் டிடி தமிழன்தான், ஆனால் மந்திரியின் மகன், வசதியான வீட்டுத் தமிழன். லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவுத் துண்டோடு பயந்து பயந்து இருந்த தமிழனின் கொழும்பு இந்த நாவலின் ஓரத்தில்தான் நிற்கிறது. அது வேண்டுமென்றால் தெளிவத்தை ஜோசப்பின் 'குடைநிழல்' வாசியுங்கள். கொழும்பில் வாழ்கிற மலையகத் தமிழன் ஒருவன் பிடித்துக்கொண்டு போகப்படுகிறான். அவ்வளவுதான் கதை. மெல்லிய புத்தகம், குரல் உயர்த்தாத எழுத்து. ஜோசப் ஐயாவும் 2022-இல்தான் போனார். புக்கர் செய்தி பத்திரிகைகளை நிறைத்த அதே ஒக்டோபரில். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய பக்கங்கள் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை.

கேள்வி: சயந்தனின் 'ஆதிரை'யை இரண்டு தரம் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன். எங்கள் சனத்தின் துன்பத்தைச் சொல்கிற நாவலை வாசித்து முடிக்காமல் விடுவது பாவம் போல இருக்கிறது.
*— வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி*

பதில்: பாவம் இல்லை, தங்கச்சி. துன்பம் உண்மையானது என்பதற்காக நாவல் நல்லதாகிவிடாது. உங்களுக்குக் களைப்பாக இருந்தால் அதற்காகக் குற்றவுணர்வும் வேண்டாம். இப்படிச் சொல்ல எங்கள் ஆட்கள் பயப்படுவதால்தான் மோசமான யுத்த நாவல்களுக்கும் மேடையில் பொன்னாடை விழுகிறது.

ஆனால் 'ஆதிரை' மோசமான நாவல் அல்ல. 2015-இல் வந்தது, 600 பக்கத்துக்கு மேல். நானும் முதல் தரம் விட்டேன். ஒருவரோடு மனம் ஒட்டும் நேரத்தில் கதை இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகிறது. இரண்டாம் தரம் ஒரு கொப்பியில் வீடு வீடாகப் பெயர்களை எழுதிக்கொண்டு வாசித்தேன். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம் வருகிற இடங்களில் நாவல் நிமிர்ந்து நிற்கிறது. அவர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியவர்கள் குறைவு. கடைசி நூறு பக்கத்தை ஒரே இரவில் வாசிக்காதீர்கள். நான் அப்படி வாசித்து இரண்டு நாள் சமைக்கவில்லை.

கேள்வி: 'குட்டி இளவரசன்' பிள்ளைகளின் புத்தகமா, பெரியவர்களின் புத்தகமா?
*— வாசகர், மட்டக்குளி*

பதில்: மலைப்பாம்பு யானையை விழுங்கிய படம் பிள்ளைகளுடையது. பேரன் அதை மட்டும் பத்துத் தரம் பார்த்தான். ரோஜாப்பூ பெரியவர்களுடையது, அங்கே அவன் தூங்கிவிட்டான். பத்து வயதுக்குப் பிறகு கொடுங்கள். க்ரியா வெளியிட்ட தமிழாக்கம் நேரே பிரெஞ்சிலிருந்து செய்தது, நன்றாக இருக்கிறது.

கேள்வி: விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பேத்தி வருகிறாள். தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. என்ன புத்தகம் வாங்கி வைக்க?
*— ஒரு தாத்தா, முகத்துவாரம்*

பதில்: வாங்க வேண்டாம் ஐயா, உங்களுக்கே பாடமாக இருக்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித் தோட்டத்து வெருளியும் மறந்திருக்க மாட்டீர்கள். கூழ் காய்ச்சிக்கொண்டு பாடுங்கள். வெருளிக்கு உங்கள் பழைய சேர்ட்டைப் போட்டு பல்கனியில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

கேள்வி: புத்தக விலை கையைச் சுடுகிறது. நீங்கள் சொல்கிற புத்தகங்களை எங்கே எடுப்பது?
*— பலர்*

பதில்: வாங்க முடிந்தவர்கள் செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போங்கள். அப்புறம் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு உண்டியல் வையுங்கள். இரவல் என்றால் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம், விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், இறாக்கையிலிருந்து அதுவே இழுத்து எடுக்கட்டும். 'குடைநிழல்' மட்டும் சங்கத்தில் இருக்காது. நான் எடுத்து வந்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.