அக்டோபர் 2-இல் ஒயின் சுற்றுலா: கட்டிய பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் கோயம்புத்தூரிலிருந்து நாசிக் சென்று, உணவும் ஒயினும் சேர்ந்த இரண்டு நாள் வழிகாட்டிச் சுற்றுலாவில் கலந்துகொள்ள மும்பை நிறுவனம் ஒன்றிடம் 38,000 ரூபாய் கட்டினோம். அக்டோபர் 2 அன்று ஒயின் சுவைத்தல், திராட்சை மிதித்தல், ஒயினுடன் மதிய விருந்து என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்று 'டிரை டே' (மதுவுக்குத் தடையுள்ள நாள்) என்று சொல்லிச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். அரசு உத்தரவால் வரும் மாற்றங்களுக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்ற விதியைக் காட்டுகிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. காந்தி ஜெயந்தி திடீரென்று வருவதல்ல. மகாராஷ்டிரத்தில் அன்று மது பரிமாறத் தடை உண்டென்பது, அங்கேயே ஒயின் சுற்றுலா நடத்திப் பிழைக்கும் நிறுவனத்துக்குப் பணம் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். நிறைவேற்ற முடியாதது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்று தனக்குத் தெரிந்த, அல்லது உரிய கவனத்தோடு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, அது தெரியாத ஒருவருக்கு வாக்களித்தவர், அதனால் அவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 56-ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி கூறுகிறது.

இதில் ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்டோபர் 2-இல் தமிழ்நாட்டிலும் டாஸ்மாக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், 'இது உங்களுக்கும் தெரிந்ததுதானே' என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே வழக்கை இதன்மேல் மட்டும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் உறுதியான பிடி திராட்சை மிதித்தல்தான். நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். அக்டோபரை ஒட்டித்தான் அங்கே கொடிகளைக் கவாத்து செய்வார்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பியில் கட்டிய கொடிகள் வெட்டுப்பட்ட நுனிகளோடு நிற்கின்றன. ஒரு குலைகூட இல்லை. டிரை டே இல்லாவிட்டாலும் மிதிக்கப் பழம் இருந்திருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(28) குறிப்பிடும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும், பிரிவு 2(11) கூறும் சேவைக் குறைபாடு என்றும் இதைத் தயங்காமல் வைக்கலாம். இதற்கு அரசு உத்தரவு எந்தச் சாக்கும் ஆகாது.

பணம் திரும்பத் தரப்படாது என்ற விதியையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்கினால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேரிடும். உங்களுக்கு அது தேவையில்லை. சேவைக் குறைபாடு என்ற அளவில் நின்றால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், ஏனெனில் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கப் பிரிவு 34 அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள்.

முழுத் தொகையையும் கேட்காதீர்கள். தங்குமிடத்தையும் முதல் நாள் நிகழ்ச்சிகளையும் நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். இரண்டாம் நாளுக்குரிய பங்கு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்டால் ஆணையம் நம்பிக் கேட்கும் என்பது என் கருத்து. முதலில் 15 நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இணையத்தளமான இ-ஜாக்ரிதியில் புகாரைத் தாக்கல் செய்து, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நிகழ்ச்சி நிரலையும் அந்த வெட்டுப்பட்ட கொடிகளின் படத்தையும் முதல் இரண்டு ஆவணங்களாக இணையுங்கள்.