முதுகில் போடும் மயக்க ஊசியில் ஃபென்டனில், மார்ஃபின் என்ற இரண்டு ஓபியாய்டுகளில் (அபின் வகை வலி மருந்துகளில்) எதைக் கலப்பது நல்லது?

மயக்க மருத்துவராக என் பதில்: ஆபரேஷன் நேரத்துக்கு ஃபென்டனில், அன்று ராத்திரிக்கு மார்ஃபின்.

'மரத்துப்போக பூபிவக்கைன் (முதுகு ஊசியில் போடும் மரக்கும் மருந்து) ஒன்றே போதாதா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோலை வெட்டுவது தெரியாமலிருக்கப் போதும். ஆனால் சிசேரியனில் கருப்பையைக் கையாளும்போது "உள்ளே என்னமோ பண்ணுது டாக்டர்" என்று முகம் சுளிப்பார்கள். அதற்காக பூபிவக்கைனைக் கூட்டினால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். 10 முதல் 25 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தால் அந்த உள்வலி அடங்கும், பூபிவக்கைன் அளவையும் சற்றுக் குறைக்கலாம். கால் அசைவு திரும்புவதும் தள்ளிப்போகாது. காரணம், ஓபியாய்டு நரம்பை மரக்கச் செய்வதில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியில் வலிச் செய்தி கைமாறும் இடத்தில்தான் வேலை செய்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொழுப்பில் கரையும் தன்மையில் இருக்கிறது. ஃபென்டனில் கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் 5-10 நிமிடத்தில் தண்டுவடத்துக்குள் போய்விடும், அதே வேகத்தில் ரத்தத்துக்கும் போய்விடும். இரண்டு முதல் நான்கு மணி நேரம், அவ்வளவுதான். மார்ஃபின் தண்ணீர் ஆசாமி. தண்டுவட நீரிலேயே தங்கும். வேலையைத் தொடங்கவே அரை மணி, ஒரு மணி ஆகும். பிறகு 18-24 மணி நேரம் வலி தெரியாது. வம்பும் இதில்தான். அந்த நீரோடு மெல்ல மேலேறி மூளைத்தண்டைத் தொட்டால், ஊசி போட்டுப் பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகலாம். அந்நேரம் நான் வீட்டில் இருப்பேன். ஆகவே, வார்டில் இரவு முழுக்க மூச்சை எண்ணிப் பார்க்க ஆள் இருந்தால்தான் மார்ஃபினைத் தொடுவேன். தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிரச்சினை உள்ளவர் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

மார்ஃபின் அளவு 100-150 மைக்ரோகிராம் போதும். அதற்கு மேல் கூட்டினால் வலி பெரிதாகக் குறையாது, அரிப்பும் வாந்தியும்தான் கூடும். கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) கலக்காத மருந்தாகவும் இருக்க வேண்டும். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள ஆம்பியூல் என்றால் நமக்குத் தேவை அதில் நூறில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. நீர்க்கும்போது ஒரு சைபர் பிசகினால் பத்து மடங்கு! நான் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கலப்பேன்.

அப்புறம் அந்த அரிப்பு. மூக்கையும் முகத்தையும் சொறிந்துகொண்டே இருப்பார்கள். உடனே அலர்ஜி மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. அது தூக்கத்தைத்தான் கொடுக்கும். இந்த அரிப்பு, அலர்ஜியில் சுரக்கும் ஹிஸ்டமினால் வருவதில்லை. ஓபியாய்டின் இந்த விளைவைத் தடுக்கும் நால்புஃபின் என்ற மருந்தைக் கொஞ்சம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.