கரண்டு எட்டாத மலை வீட்டில் தங்கப் போறீங்களா? கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர், கோதையாறு பக்கம் மின்வாரிய லைன் எட்டாத எஸ்டேட் வீடுகளில் தங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் அப்படிப்பட்ட வீடுகளின் சோலார், தண்ணீர், ஜீப் ஏற்பாடுகளைக் கவனிப்பவர்.

தக்கலையிலிருந்து: அண்ணே, டிசம்பர் லீவுக்கு ரெண்டு குடும்பம், எட்டு பேரு போறோம். சோலார் இருக்குன்னு சொன்னாங்க. கெட்டில், ஹேர் டிரையர், தண்ணி சூடாக்குற ராடு எல்லாம் கொண்டு போலாம்ல?

மூணையும் வீட்டிலேயே வச்சுட்டு வாங்க தம்பி. கணக்கைப் பாத்தா உங்களுக்கே புரியும்.

இந்த மாதிரி வீட்டில் பெரும்பாலும் 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு இருக்கும். மொத்தம் 3600 வாட் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினா அதோட ஆயுசு குறையும், அதனால கையில இருக்கிறது 1800. இன்வெர்ட்டர்ல போற நஷ்டம் கழிச்சா சுமார் 1500, அதாவது ஒன்றரை யூனிட். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் வெயில் ஏறுற வரைக்கும் அதுதான் வீட்டுக்கே.

செலவைப் பாருங்க. 9 வாட் பல்பு எட்டு, அஞ்சு மணி நேரம்: 360. பிஎல்டிசி ஃபேன் (கரண்டு குறைவா இழுக்கிற ரகம்) மூணு, தலைக்கு 30 வாட், ஒன்பது மணி நேரம்: 810. எட்டு போனுக்குச் சார்ஜ்: 120. இதுவே 1290 ஆயிருச்சு.

1500 வாட் கெட்டில் அஞ்சு நிமிஷம் ஓடினா 125 வாட் அவர்தானேன்னு தோணும். அந்த அஞ்சு நிமிஷமும் அது, ரெண்டையும் சேர்த்துக் கட்டின 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 65, 70 ஆம்பியர் இழுக்கும். பாதி இறங்கின பேட்டரி வோல்டேஜ் சட்டுன்னு சரியும், இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி'ன்னு கட் பண்ணிரும், வீடே இருட்டாயிரும். ராடும் டிரையரும் இதே ரகம்தான். வெந்நீருக்கு விறகு அடுப்போ கேஸோ இருக்கும். மிக்சி வேணும்னா காலை பத்திலிருந்து ரெண்டு மணிக்குள்ள, வெயில் இருக்கும்போது ஓட்டிக்கோங்க. போன், கேமரா பேட்டரி, பவர் பேங்க் எல்லாத்தையும் அந்த நேரத்துலதான் போடணும். ராத்திரி படுக்கும்போது சார்ஜ் போடுற பழக்கத்தை இங்கே விட்டுருங்க.

இரணியலிலிருந்து: ராத்திரி இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சா நாங்களே ஏதாவது செய்யலாமா?

முதல்ல டிஸ்பிளேயைப் பாருங்க. 'ஓவர்லோடு'ன்னு காட்டினா, கடைசியா எதைப் போட்டீங்களோ அதைப் பிளக்கோட கழட்டி, ஒரு நிமிஷம் விட்டு ரீசெட் அழுத்துங்க. திரும்பவும் கட் ஆனா விட்டுருங்க, வீட்டைப் பார்க்கிற ஆளைக் கூப்பிடுங்க. ரீசெட்டை விடாம அழுத்தி இன்வெர்ட்டர் போர்டையே எரிச்சிட்டா மறுநாளும் கரண்டு கிடையாது.

'லோ பேட்டரி'ன்னா ரீசெட் உதவாது. 24 வோல்ட் சிஸ்டத்துல, லோடு ஓடும்போது 24.0க்குக் கீழே வந்துருச்சுன்னா ஒரு ஃபேனையும் தேவையில்லாத லைட்டையும் நிறுத்தணும். கத்தட்டும்னு விட்டா 21 பக்கத்துல தானே நின்னுரும். பேட்டரி டெர்மினலைத் தொடாதீங்க, பேட்டரி இருக்கிற ரூம்ல மெழுகுவத்தி, பீடி எதுவும் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு வரும்.

நாகர்கோவிலிலிருந்து: அப்பாவுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சினை, சிபாப் மெஷின் இல்லாம படுக்க முடியாது. இன்சுலினும் போடுறாங்க. கூட்டிட்டு வரலாமாண்ணே?

வரலாம் அக்கா. ஆனா புக் பண்ணும்போதே சொல்லிருங்க, வந்து இறங்கின பிறகு சொல்லாதீங்க. மெஷினோட ஹியூமிடிஃபையரையும் (காத்தை ஈரமாக்குற பகுதி) சூடு பண்ற குழாயையும் ஆஃப் பண்ணிட்டா பெரும்பாலான மெஷின் 30லிருந்து 60 வாட்டுக்குள்ள ஓடும். எட்டு மணி நேரத்துக்கு 240லிருந்து 480 வாட் அவர் வச்சுக்கோங்க. ஹியூமிடிஃபையரைப் போட்டா இது இரட்டிப்பாயிரும். அப்பா தங்குற நாள்ல மத்த ரூம்ல ஃபேன் குறையணும், இதைக் கூட வர்றவங்ககிட்ட முதல்லயே பேசிருங்க. வீட்டுப் பேட்டரியை மட்டும் நம்பாம, அந்த மெஷினுக்குன்னே விக்கிற பேட்டரி பேக் ஒண்ணு வாடகைக்காவது எடுத்துட்டு வாங்க. மழை மூணு நாள் பிடிச்சா பேனல்ல இருந்து நல்ல வெயில் நாள்ல வர்றதுல அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாது.

இன்சுலின் பத்திக் கவலை வேண்டாம். பயன்பாட்டுல இருக்கிற இன்சுலின் 25, 30 டிகிரி வரைக்கும் நாலு வாரம் தாங்கும்னு பெரும்பாலான அட்டையிலயே போட்டிருக்கும். ஐஸ் கட்டியோட ஒட்டி மட்டும் வைக்காதீங்க, உறைஞ்சு போனா அது வீண்.

திங்கள்சந்தையிலிருந்து: தண்ணிக்கு என்ன வழி? கேன் தண்ணி வாங்கிட்டு வரணுமா?

மேலே ஓடையில சின்னத் தடுப்புக் கட்டி, கறுப்பு ஓஸ் வழியா டேங்குக்கு வரும். மோட்டார் இல்லை, சரிவுதான் தள்ளுது. பெரிய மழை பெய்ஞ்ச மறுநாள் தண்ணி கலங்கி வரும், இல்லேன்னா ஓஸ் வாய்ல இருக்கிற வலையில இலை அடைச்சு நின்னுரும். குழாயைத் திறந்தா புஸ் புஸ்ஸுன்னு காத்து வந்தா உள்ளே காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. டேங்கு காலியான பிறகு சொன்னா, அது நிரம்புறதுக்கு அரை நாள் ஆகும்.

ஷவர்ல பத்து நிமிஷம் நின்னா எண்பது, நூறு லிட்டர் போயிரும். வாளியில குளிச்சா இருபது லிட்டர் போதும். எட்டு பேருக்கு ஆயிரம் லிட்டர் டேங்குன்னா வாளிதான். குடிக்கிற தண்ணியை நல்லாக் கொதிக்க விட்டு ஒரு நிமிஷம் தளதளன்னு வைங்க, போதும். கலங்கலா இருந்தா முதல்ல துணியில வடிகட்டி, தெளிய விட்டு, பிறகு கொதிக்க வைங்க. கேன் சுமந்துட்டு வர வேண்டாம், ஜீப்புல அதோட எடைக்கு அரிசியும் காய்கறியும் ஏத்தலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: நம்ம ஸ்விஃப்ட்லயே மேலே போயிரலாமா? ஆபீஸ் முடிஞ்சு அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்னு நினைச்சோம்.

ரெண்டும் சரிவராது சார். தார் ரோடு முடியுற இடத்துல காரை விட்டுட்டு, லோ கியர் இருக்கிற ஃபோர் வீல் ஜீப்புலதான் ஏறணும். பாறையில அடி தட்டி ஆயில் சம்ப் உடைஞ்சா, வண்டியை இறக்குறதுக்கு ஒரு நாள் போயிரும். சொந்த ஃபோர் வீல் வண்டின்னா இறங்கும்போது முதல் கியர்லயே விடுங்க, கிளட்ச்சை மிதிக்காதீங்க. பிரேக்கை மட்டும் பிடிச்சுட்டே வந்தா அது சூடேறி, கீழ்வளைவுல பிடிக்காமப் போகும்.

மதியம் மூணு மணிக்குள்ள செக்போஸ்ட்டைத் தாண்டிரணும். ஆதார் நகலும் வண்டி நம்பரும் வச்சுக்கோங்க. இருட்டின பிறகு பாதையில யானை நின்னா வண்டியைத் திருப்ப இடமிருக்காது.

குலசேகரத்திலிருந்து: அட்டைக்குப் பயந்தே வீட்டுக்காரி வரமாட்டேங்கா. உப்பு போட்டா போதுமா?

உப்பு மழையில கரைஞ்சு போயிரும், தீர்வு துணிதான். நெருக்கமா நெய்த பருத்தித் துணியில முழங்கால் வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் கிடைக்கும், பேண்ட் அதுக்குள்ள போகணும். சாதா சாக்ஸோட இழைக்குள்ள சின்ன அட்டை நுழைஞ்சிரும். புகையிலைத் தண்ணியில நனைச்சுக் காய வச்சது கொஞ்ச நேரம் உதவும், ஓடையைத் தாண்டினதும் போச்சு. ஈர இலைச்சருகுல நிக்காம நடந்துட்டே இருக்கணும். நிக்கணும்னா பாறை மேல நில்லுங்க, அந்த நேரத்துல ஒருத்தர் காலை ஒருத்தர் பாருங்க.

கடிச்சிருச்சுன்னா பிடிச்சு இழுக்காதீங்க. உப்பு, தீப்பெட்டி, டெட்டால் எதுவும் அது மேல வேண்டாம். அப்படிச் செய்யும்போது வயித்துல இருக்கிறதைக் காயத்துக்குள்ளயே கக்கிரும், புண்ணு சீழ் வைக்கிறது அதனாலதான். உடம்போட மெல்லிய முனைதான் பெரும்பாலும் வாய். அங்கே தோலோடு ஒட்டி விரல் நகத்தைப் பக்கவாட்டுல தள்ளினா பிடி விடும். உடனே தடித்த முனையையும் அதே மாதிரி தள்ளிச் சுண்டி விடுங்க. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வச்சு அழுத்திக் கட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விட்டிருக்கும், அதனால சில மணி நேரம் கசியும், பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க மட்டும் மழைக்காலத்துல தோட்டத்துக்குள்ள நடக்காம இருக்கிறது நல்லது. மூக்குக்குள்ளயோ கண்ணுலயோ ஏறினா நீங்க கை வைக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஷூவை வராந்தாவுலயே கழட்டி, நியூஸ் பேப்பரைச் சுருட்டி உள்ளே திணிச்சு வைங்க. காலையில போடுறதுக்கு முன்னாடி தட்டிப் பாருங்க. அட்டை மட்டுமில்லை, தேளும் இருக்கும்.

களியக்காவிளையிலிருந்து: எந்த மாசம் போனா நல்லது? ஓடையில குளிக்கலாமா?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு. ஜூன், ஜூலையில ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்தோட சேர்த்து மரக்கிளை விழும். அக்டோபர், நவம்பர்ல பாதை துண்டிக்கும். 2017 நவம்பர் 30ல ஒக்கி வந்தப்போ ரப்பரும் வாழையும் சாய்ஞ்சு கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். வானிலை மையம் ஆரஞ்சு அலர்ட் சொன்னா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. ஏற்கெனவே மேலே இருந்தா கீழே இறங்க அவசரப்படாதீங்க, சப்பாத்துல (ஓடையைத் தாண்டுற தாழ்வான பாலம்) வெள்ளம் வடியுற வரைக்கும் வீட்லயே இருங்க. முழங்காலுக்குக் கீழே ஓடுற தண்ணிகூட கல்லை உருட்டும்போது ஆளைத் தள்ளிரும்.

குளிக்கிறது வெயில் நாள்ல, ஆள் காட்டுற இடத்துல மட்டும். நீங்க நிக்கிற இடத்துல மழையே இருக்காது, மேலே பெய்ஞ்சிருக்கும். தெளிஞ்ச தண்ணி சட்டுன்னு காப்பி நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தா பையை விட்டுட்டு மேடு ஏறுங்க. காலில் வெட்டுக்காயம் இருந்தா தண்ணியில இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் அது வழியா ஏறும். ஊருக்கு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, ஓடையில குளிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நியூஜெர்சியிலிருந்து (சொந்த ஊர் கருங்கல்): அங்கே சிக்னல் இல்லைன்னு கேள்விப்பட்டேன். மலையேறும்போது வச்சுக்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவி என்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா அண்ணா?

கண்டிப்பா வேண்டாம் தம்பி. லைசென்ஸ் இல்லாத சாட்டிலைட் போனும் அந்த மாதிரி மெசேஜ் கருவியும் இந்தியாவுல சட்டவிரோதம். ஏர்போர்ட் சோதனையில பிடிபட்டு வழக்கில் மாட்டின வெளிநாட்டுப் பயணிகள் இருக்காங்க. ட்ரோனும் வேண்டாம். அதுக்குப் பதிலா கிளம்பும்போது வீட்டுல ஒரு பேப்பர் எழுதி வைங்க: எந்த வீடு, ஜீப் டிரைவர் நம்பர், எந்த நாள் எத்தனை மணிக்குக் கீழே சிக்னலுக்கு வருவீங்க, எத்தனை மணி வரைக்கும் போன் வரலேன்னா யாரைக் கூப்பிடணும். மேப்பை முன்னாடியே போன்ல இறக்கி வச்சுட்டு, ஃபிளைட் மோட்ல போடுங்க. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி பாதி காலியாகும்.

கொல்லங்கோட்டிலிருந்து: ராத்திரி குளிருக்கு ரூம்ல கரி அடுப்பு வைக்கலாமா?

வைக்கவே கூடாது. கதவைச் சாத்தி கரி கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிரும். பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தாலும் அதேதான்: ஜன்னலைத் திறந்து வச்சு, வாளியில பிடிச்சு, அணைச்ச பிறகு குளிங்க. தலைவலியும் குமட்டலும் வந்தா உடனே வெளியே வந்திரணும். நம்ம மலையில ஊட்டிக் குளிர் கிடையாது. ஈரக் காத்துதான் நடுங்க வைக்கும், ஒரு கம்பளியும் காஞ்ச சாக்ஸும் போதும்.

அருமனையிலிருந்து: யானை, பாம்பு ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே.

நம்ம மாவட்டக் காட்டுல 402 சதுர கிலோமீட்டர் காட்டுயிர் சரணாலயம். யானைக்கு அது வீடு. ஆறு மணிக்குப் பிறகு முற்றத்தைத் தாண்டாதீங்க. சக்கைப்பழம் (பலாப்பழம்), வாழைத்தார், உப்பு எதையும் ஜீப்புலயோ வராந்தாவுலயோ விடாதீங்க. பழுத்த சக்கை வாசனை அதை வெகு தூரத்திலிருந்து இழுக்கும். எதிர்ல வந்துட்டா டார்ச், ஃபிளாஷ், ஹாரன் எதுவும் அடிக்காம, திரும்பி ஓடாம, பின்னாலயே நகருங்க.

பாம்பு கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசைக் கழட்டிட்டு, கை கால் எலும்பு முறிஞ்சா கட்டுற மாதிரி குச்சி வச்சு அசையாம வச்சு, நடக்க விடாம ஜீப்புல ஏத்துங்க. சிக்னல் வந்ததும் 108ஐக் கூப்பிட்டு, நேரா ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் வேலை செய்யும். மலையில இருக்கிற குழிவிரியனுக்கு அது எடுபடாது, அதுக்கு வேற சிகிச்சை. அதனால தூரத்துல நின்னு போட்டோ எடுக்க முடிஞ்சா டாக்டருக்கு உதவும். அடிச்சுக் கொண்டு வர்றேன்னு பாம்பைத் துரத்தினா ரெண்டாவது ஆளும் கடி வாங்குவார்.

குளச்சலிலிருந்து: மீன் இல்லாம நமக்கு முடியாது. ஃப்ரிட்ஜ் உண்டா?

இல்லைன்னே வச்சுக்கோங்க. முதல் நாள் மதியத்துக்கு மட்டும் ஐஸ் பெட்டியில மீன் கொண்டு வந்து அன்னைக்கே முடிச்சிருங்க. மறுநாளுக்கு நெத்திலிக் கருவாடும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு). முட்டை, பயறு, தேங்காய் தாங்கும். செதிலும் குடலும் வெளியே போட்டா காட்டுப்பன்னி வரும். மூடி போட்ட டப்பாவில கட்டி, கீழே இறங்கும்போது எடுத்துட்டுப் போங்க.

கழிவறையிலயும் அப்படித்தான். சானிட்டரி நாப்கின், ஈரத் துடைப்பான், டயப்பர் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் ஃபினாயிலும் ஊத்தினா செப்டிக் டேங்குல வேலை செய்யுற கிருமி செத்து, மூணாம் நாள் நாத்தம் எடுக்கும். சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். ஆளுக்கு ரெண்டு தடித்த கவர் கொண்டு வாங்க, குப்பை அதுல மார்த்தாண்டம் வரைக்கும் உங்க வண்டியிலயே வரணும். மேலே குப்பை வண்டி கிடையாது.